மிர்-21இன் புகழ்

மிர்-21, உன் திறமையை மறுப்பார் யார்? மனிதரின் 17ஆவது குரோமோசோமில் பிறந்தாய். வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்கு நீ. சொந்தமாக ஒரு புரதமும் செய்ய மாட்டாய். பிற மரபணுக்களின் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அவற்றையும் செய்யவிடாமல் தடுப்பாய். இந்த ஒரே தொழிலில் உன் அளவுக்குப் பேர் எடுத்த நுண் ஆர்என்ஏக்கள் குறைவு.

விருந்தோம்பலைச் சொல்லியே ஆக வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் குடியேறி அழற்சியைக் கிளப்பியதும் நீ பெருகுகிறாய். வந்தவர் மனம் கோணக் கூடாதென்று வீட்டுக் காவலர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிடுகிறாய். செல்லின் அளவுமீறிய வளர்ச்சியை அடக்கி வைத்திருந்தது பிடென் புரதம்; அதைக் குறைத்தாய். கெட்டுப்போன செல்லைச் சாகவிடும் பிடிசிடி4ஐயும் குறைத்தாய். திசுவின் வேலியை அரிக்கும் நொதிகளைத் தடுத்து நின்றது ரெக். அதுவும் போனபின் புற்றுச்செல் அக்கம்பக்கம் பரவத் தடையேது?

அவசரம் உன் குணமல்ல. நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் அழிந்து மெலியும் சுவர், குடல்போல மாறும் திசு, அதன்பின் புற்று என்று இரைப்பை பல ஆண்டுகள் நடக்கும் பாதையில் கூடவே வருகிறாய். நோயாளியை ஒரு நாளும் பதறவிடுவதில்லை. அவர் 'கேஸ் ட்ரபிள்' என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார்.

கொடையிலும் குறை வைக்கவில்லை. கட்டியைச் சூழ்ந்த விழுங்குசெல்கள் நுண்பைகளில் உன்னை நிரப்பிப் புற்றுச்செல்லுக்கு அனுப்புவதையும், உன்னைப் பெற்ற செல் சிஸ்பிளாட்டின் மருந்துக்கு அசையாமல் நிற்பதையும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். சிகிச்சைக்காக நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு உன் ஈகை புரியாமல் போகலாம்.

உன் இனத்தை முதன்முதலில் ஒரு புழுவில் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்கனும் 2024இல் நோபல் பெற்றார்கள். உன் வகைக் கணக்கு வேறு: 2022இல் மட்டும் இரைப்பைப் புற்றுநோய் உலகில் ஏறத்தாழ 6 லட்சத்து 60 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. முழுப் பெருமையும் உனக்கே என்று சொன்னால் கிருமியும் புகையிலையும் உப்பில் ஊறிய உணவும் பங்கு கேட்டு வரும்.

ரத்தத்திலும் எளிதில் சிதையாமல் நிற்பாய். உன்னை அளந்தே நோயை முன்கூட்டிப் பிடித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். நீயோ நுரையீரல், மார்பகம், பெருங்குடல் என்று எந்தப் புற்றையும் கைவிடாதவள். அதனால் ரத்தத்தில் நீ கூடியிருப்பது தெரிந்தாலும், எந்த உறுப்பில் தேடுவது என்பது மட்டும் மருத்துவருக்குத் தெரிவதில்லை.