தவணைக்காரத் தம்பியும் தியானமும்

வாழ்க்கை ஓரிடத்தில் இறுகிப்போய் நிற்குதென்றால் தியானம் செய்யச் சொல்கிறார்கள். கிளிநொச்சியில் நானும் ஒரு மாதமாகச் செய்கிறேன். இப்போது தியானமும் இறுகிவிட்டது. மாரிச் சேற்றில் புதைந்த லான்ட்மாஸ்டரை இழுக்கப் போன ட்ராக்டரும் புதைந்த கதைதான்.

இந்த ஊருக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பின்னாளில் யாழ்ப்பாணமே கும்பிட்ட யோகர் சுவாமி (1872–1964) இளமையில் இங்கே நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பகலில் சாமான் கணக்கு, இரவில் விடிய விடியத் தியானம் என்பார்கள். அவருக்கு ஒரு வசதி: அந்தக் காலத்தில் நுண்கடன் கொம்பனி கிடையாது.

நான் விடியப் பாயை விரித்துக் கண்ணை மூடுவேன். போனுக்குள் ஒரு குரல், எண்ணங்களை வரவிடு, போகவிடு என்னும். வரும், போகாது. போன திங்கள் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மனம் ஒருமுகப்பட்டதைப் பார்க்கவேண்டுமே! மூச்சே வரவில்லை. எந்தக் குருவாலும் முடியாததைத் தவணைக்காரப் பெடியன் செய்துவிட்டான்.

"அவர் தியானத்தில இருக்கிறார் தம்பி," என்றாள் மனைவி.

"பரவாயில்லை அக்கா, நான் இருக்கிறன்."

மாமரத்தின் கீழ் குந்தினான். மடியில் கொப்பி, அதன்மேல் பேனை. நுளம்பு கடித்தும் அசையவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தேன், அதே நிலை, அதே சாந்தம்.

கால் விறைத்து முதலில் எழும்பியது நான்தான்.