முகத்தோடு மல்லுக்கட்டு

போளூர் பக்கத்தில் எங்கள் திருமலைப் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் 16 அடி உயரம். அவ்வளவு பெரிய முகத்தில் ஒரு பரு கிடையாது. என் முகம் ஒரு சாண்தான். பெண் பார்க்கப் போகிற வயதிலும் அதில் பருக்கள் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

பரு என்றால் அழுக்கு என்று முடிவுகட்டி, கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் குளியல் சோப்பு போட்டுத் தேய்த்தேன். இத்தனைக்கும் என் பெரியப்பா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் முக்கிப் பசையெடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசைதான். அது போனால்தான் மினுமினுப்பு வரும். சோடா அளவு மீறினாலோ நூலே நைந்துவிடும். அதனால் பெரியப்பா அடுப்பை விட்டு நகரமாட்டார். நூலுக்குப் பார்க்கிற பக்குவம் மூஞ்சிக்கும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது, லேசான அமிலம். சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரம். முகம் காய்ந்து, இழுத்து, எரிந்தது. பரு அசையவில்லை. மேலே ஒட்டிய அழுக்கென்றால் அசையும். இது மயிர்க்கால் துளைக்குள் எண்ணெயும் செத்த செல்லும் அடைத்து வீங்குவது.

காரத்துக்கு எதிர் அமிலம் என்று பள்ளிக்கூட வேதியியல் கைகொடுத்தது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு சித்திரை வெயிலில் பைக்கில் போளூர் போய்வந்தேன். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும் என்பது வேதியியல் வாத்தியார் நடத்தாத பாடம். பற்பசை தடவிய கதையை விட்டுவிடுகிறேன், வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

ஒருவழியாகத் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம் எழுதினார். “10 சதவீதம் இல்லீங்களா மேடம்?” என்று பேரம் பேசினேன். “பரு குறையறது ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்பா, எரிச்சல்தான் ஜாஸ்தியாகும்.” ராத்திரி மட்டும், மெல்லிசாக; தேய்க்காமல் ரெண்டு வேளை கழுவணும்; துளையை அடைக்காத மாய்ஸ்சரைசர்; பலன் தெரிய 8 முதல் 12 வாரம். முதல் ராத்திரியே அப்பிக்கொண்டு படுத்தேன். தோல் உரிந்தது. மறுபடி போய்த் திட்டு வாங்கி, அப்புறம்தான் சொன்னபடி கேட்டேன். பருவும் மெல்ல அடங்கியது.

துணியில் பட்டால் வெளுத்துவிடும் என்று சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை. பெரியப்பா தன் கையால் சாயம் போட்டுக் கொடுத்த அரக்குப் பட்டு அங்கவஸ்திரத்தில், தாடை உரசுகிற இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டுகள். அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போனது.

“சாயம் சரியா ஏறலைடா. நாற்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல.”

“விடுங்க பெரியப்பா,” என்றேன் பெருந்தன்மையாக, “யாருக்கும் நடக்கிறதுதானே.”