காளான் வேட்டைக்காரர்

கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் கார்டன் ரீச்சில் இன்றைக்குத் தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் ஆற்றைப் பார்த்துக் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன. 1856இல் அரசை இழந்து வந்து இங்குள்ள மேட்டியாபுரூஜில் குடியேறிய அவத் நவாப் வாஜித் அலி ஷா ஆசையாக வளர்த்த பூங்காவும் மிருகக்காட்சிசாலையும் 1887இல் அவர் கண்மூடியதோடு கலைந்தன. இப்போது இருப்பவை கப்பல்துறை, கப்பல் கட்டும் தளம், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், சந்துக்குச் சந்து தையல் இயந்திரச் சத்தம், அப்புறம் மாடிகளிலும் பால்கனிகளிலும் வரிசை கட்டி நிற்கும் பூந்தொட்டிகள். ஆகவே இந்த ஊரின் தோட்ட மரபுக்குச் சட்டப்படியான வாரிசு தொட்டிக்காரர்தான். அவர்களில் ஒரு தனி இனம் உண்டு. வருஷம் முழுக்கச் சாதுவாக இருந்துவிட்டு, மழைக்காலத்தில் தொட்டி மண்ணில் மஞ்சள் காளான் ஒன்று தலைகாட்டியதும் போர்க்கோலம் பூணுகிறவர். சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். அஜய் 1961இல் இந்த ஊர்த் தளத்திலிருந்துதான் கடற்படைக்குப் போனது; உள்ளூர்த் தண்ணீரில் அந்த வீரம் இன்னும் கொஞ்சம் கலந்திருக்கிறதோ என்னவோ.

இந்தக் காளான் வேட்டைக்காரரை அடையாளம் காண்பது சுலபம். ரயில்வேயிலோ துறைமுகத்திலோ முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். இல்லாவிட்டால் அப்படி ஓய்வு பெற்றவரின் மனைவியாக இருப்பார். தமிழர் என்றால் தொட்டி வரிசை துளசியில் தொடங்கிக் கறிவேப்பிலையில் முடியும். வங்காளி என்றால் செம்பருத்தியில் தொடங்கி, குளிர்கால டேலியாவுக்காகக் காத்திருக்கும் காலித் தொட்டியில் முடியும். காலையில் காபி டம்ளரோடு தொட்டிகளைப் பார்வையிடுவது, யாரும் ஓய்வு கொடுத்து அனுப்ப முடியாத உத்தியோகம். நேற்று ராத்திரி வெறும் மண்ணாக இருந்த இடத்தில் இன்று காலை ஐந்தாறு மஞ்சள் குடைகள் நிற்பதைக் கண்டதும் காபி ஆறிப்போகும். முதலில் போட்டோ, அளவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம். அடுத்து குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. “தாதா, என் கறிவேப்பிலைத் தொட்டியில் இது வந்திருக்கிறது. உங்கள் தொட்டியிலிருந்து பரவியிருக்குமோ?” என்று கீழ்வீட்டுக்காரரை மரியாதை குறையாமல் குற்றம் சாட்டுவார். “பேங்கேர் சாத்தாதானே தாதா (வங்காளிகள் காளானை அப்படித்தான் சொல்வார்கள்), தண்ணீரைக் குறையுங்கள்” என்று ஒற்றை வரியில் பதில் வரும். மொத்தத் தீர்வும் அந்த வரியில் இருக்கிறது. குழுவில் வந்த நாற்பது யோசனைகளில் அதை மட்டும் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஏனென்றால் அதை ஏற்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். காளானுக்குச் சோறு போட்டவரும் தண்ணீர் ஊற்றியவரும் வேட்டைக்காரரேதான் என்பதே என் வாதம். காளானுக்கு வேண்டியவை இரண்டே: மட்கும் பொருள், விடாத ஈரம். வேட்டைக்காரரின் தொட்டியில் மண் என்று சொல்லத்தக்கது ஒரு பங்குதான் இருக்கும். மீதியெல்லாம் மண்புழு உரம், சாண எரு, இலைமட்கு, தென்னை நார்க்கழிவு, எலும்புத் தூள். போதாததற்கு, வங்காளிகள் ‘கோல்’ என்று சொல்லும் கடுகுப் பிண்ணாக்கை வாளியில் நாள்கணக்கில் ஊறவைத்து, அண்டை வீட்டார் ஜன்னலைச் சாத்தும் பதம் வந்ததும் நீரில் கலந்து ஊற்றுவார். ஈரத்துக்கும் குறைவில்லை. கொல்கத்தாவில் வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஆனாலும் அந்த மாதங்களில் அவர் பூவாளியைக் கீழே வைப்பதில்லை. மழை பெய்வது மழையின் கடமை, தண்ணீர் ஊற்றுவது தன் கடமை என்பது அவர் கொள்கை. இவ்வளவு செய்தபின் காளான் வராமல் இருந்தால்தான் விசாரணை வைக்க வேண்டும்.

அந்த மஞ்சள் விருந்தாளியின் வரலாறும் இதையே சொல்கிறது. லூகோகாப்ரினஸ் பிர்ன்பாமி என்பது அதன் அறிவியல் பெயர். 1839இல் கோர்டா என்ற அறிஞர் அதை விவரித்து இந்தப் பெயரின் முதல் வடிவத்தைச் சூட்டினார். அவருக்குக் கிடைத்த மாதிரி, பிராக் நகரத்துக் கண்ணாடி வீடு ஒன்றில் அன்னாசிச் செடிகளுக்கு நடுவே முளைத்தது. கண்டெடுத்தவர் பிர்ன்பாம் என்ற தோட்டக் கண்காணிப்பாளர். வேட்டைக்காரர் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்: தாம் பார்த்துக்கொண்ட செடிகளுக்கிடையே காளான் முளைத்ததற்காக ஒரு மனிதர் அறிவியலில் சாகாவரம் பெற்றிருக்கிறார். வெப்பநாட்டுக் காளானான அதற்குப் பிராகில் கண்ணாடிக் கூரையும் செயற்கைச் சூடும் தேவைப்பட்டன. கார்டன் ரீச்சில் ஜூலை மாதம் ஒன்றே போதும். தொட்டி மண்ணோடு உலகம் சுற்றியே அது இத்தனை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே கீழ்வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடுவதில் பயனில்லை. வித்துகள் நர்சரி மண்ணிலும் வரும், காற்றிலும் வரும். அவை தங்குவதற்கு இடம் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

இனி அவருடைய ஆயுதங்களைப் பார்ப்போம். முதல் ஆயுதம் கை. பிடுங்கி எறிந்துவிட்டு வெற்றிச் செய்தி அனுப்புவார். மூன்றாம் நாள் மறுபடி முளைக்கும். வெளியே தெரியும் குடை அந்தப் பூஞ்சையின் காய். அதன் உடல் வெள்ளை இழைகளாக மண் முழுக்க ஓடிக்கிடக்கிறது. மாங்காயைப் பறித்துவிட்டு மாமரத்தை ஒழித்ததாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டாவது ஆயுதக்கிடங்கு சமையலறை. மஞ்சள்தூள், பட்டைத்தூள், சமையல் சோடா ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கும். பட்டைத்தூளால் தொட்டிக்குப் பிரியாணி வாசனை வரும். வாஜித் அலி ஷாவின் ஊரில் அதற்கு ஏற்கனவே பஞ்சமில்லை. சமையல் சோடா உப்பாக மண்ணில் தங்கி, காளானை விட்டுவிட்டுச் செடியின் வேரைத் துன்புறுத்தும். மூன்றாவது, விதைக்கடையில் வாங்கிய பூஞ்சைக்கொல்லி, அநேகமாகக் கார்பெண்டாசிம். இங்கேதான் நகைச்சுவை உச்சத்துக்குப் போகிறது. சிப்பிக் காளான் வளர்க்கிறவர்கள் நூறு லிட்டர் தண்ணீரில் ஏழரை கிராம் கார்பெண்டாசிமும் கொஞ்சம் பார்மலினும் கலந்து, வைக்கோலை அதில் ஊறவைத்துத்தான் காளானே பயிரிடுகிறார்கள். போட்டிப் பூஞ்சணங்கள் அடங்கும், சிப்பிக் காளான் சுகமாக வளரும். எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே மருந்து எமன் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. கெட்ட செய்தி இன்னொன்றும் உண்டு. மருந்து ஊற்றிய தொட்டி கறிவேப்பிலைத் தொட்டி. அந்த இலை நாளைக்கு ரசத்தில் விழும்.

வேட்டைக்காரரிடம் நியாயமான கேள்விகளும் இருக்கின்றன. அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையல்ல. “பூஞ்சை மரத்தைக் கொல்லாதா? ஆற்றுக்கு அக்கரையில் போய்ப் பாருங்கள்” என்பார். அக்கரையில் சிப்பூரில் இருப்பது, ராபர்ட் கிட் 1787இல் நிறுவி இன்று ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயர் தாங்கும் தாவரவியல் பூங்கா. அங்குள்ள பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது. பூஞ்சை தாக்கி அடிமரம் அழுகியதால் 1925இல் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்காரராக இருந்தால், தென்னையைக் கொல்லும் தஞ்சாவூர் வாடல் நோயையும் சாட்சிக்கு அழைப்பார். அதுவும் கானோடெர்மா என்ற பூஞ்சையின் வேலைதான். சாட்சிகள் உண்மையானவர்கள், வழக்குத்தான் வேறு. ஆலமரத்தையும் தென்னையையும் தாக்கியவை உயிருள்ள மரத்துக்குள் புகுந்து அதைத் தின்னும் வகை. தொட்டி மஞ்சள் காளான் செத்துப்போன இலையையும் எருவையும் தின்று, செடி எடுத்துக்கொள்ளும் சத்தாக மாற்றித் தரும் வகை. காளான் வந்த தொட்டியில் செடியும் மஞ்சளித்து வாடினால், அதிகத் தண்ணீரில் வேர் மூச்சுத் திணறியிருக்கும்; காளான் அந்தக் குற்றத்தின் சாட்சி. சொல்லப்போனால் அந்த ஆலமரம்கூட அடிமரம் இல்லாமலே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளில் இன்றும் நிற்கிறது. அதற்கு யாரும் தினம் இரண்டு வேளை பூவாளி பிடிக்கவில்லை.

அடுத்த கேள்வி விஷம். இதற்கு மட்டும் பணிந்துதான் ஆக வேண்டும். மஞ்சள் காளானைத் தின்றால் வயிற்றைப் புரட்டும். தவழும் குழந்தையும் வாய் வைக்கும் நாய், பூனையும் இருக்கும் வீட்டில் அதை விட்டுவைப்பது தவறு. தொடுவதில் ஆபத்தில்லை, குடை விரிந்து வித்து தூவுவதற்கு முன் பறித்துக் குப்பையில் போட்டுக் கை கழுவிவிடலாம். வேட்டைக்காரரைவிட ஆபத்தானவர், அதைப் பார்த்ததும் இடி இடித்த மறுநாள் பறித்த புற்றுக் காளானை நினைத்துக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர். அவருக்குக் காளான் ஆசை இருந்தால் கௌரவமான வழி இருக்கிறது. கோடையிலும் விளையும் பால் காளானை 1974இல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இருவர் வங்காளத்திலிருந்து அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்த இனத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு ரகத்தை உருவாக்கித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. கடையில் வாங்கிச் சமைக்கலாம். கோவைத் தள்ளுவண்டிக் காளான்கூடப் பரவாயில்லை. அதில் முட்டைக்கோஸ்தான் அதிகம். தொட்டியில் தானாக முளைத்த, பெயர் தெரியாத எதையும் வாணலிக்குக் கொண்டுபோகக் கூடாது.

“அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?” என்பது கடைசிக் கேள்வி. ஆமாம், பாதி அப்படித்தான். குடை ஓரிரு நாளில் தானே சுருங்கிவிடும். மண் மேலாக இரண்டங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கட்டும், தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். கண்ணை உறுத்தினால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் புது மண் போடுங்கள். பிண்ணாக்கு வாளிக்கு மழைக்காலம் முடியும்வரை விடுமுறை கொடுங்கள்; அண்டை வீட்டார் தனியாக நன்றி சொல்வார்கள். இந்த வேட்டைக்காரர்களைப் பற்றி எவ்வளவு கேலி செய்தாலும், இரும்பும் கொள்கலனும் நிறைந்த இந்த ஊரில் கொஞ்சமாவது பச்சை மிஞ்சியிருப்பது அவர்களால்தான் என்பதை மறுக்க முடியாது. அவர்களிடம் அன்பு இருக்கிறது, குறைவது அளவு. ஆகவே தொட்டிக்காரர்களே, அடுத்த முறை மஞ்சள் குடை தெரிந்தால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் பூவாளியைக் கீழே வையுங்கள்.