செலவில்லாமல் பாராட்டுவது எப்படி?

இந்த வருஷமும் இன்கிரிமென்ட் கிடையாது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதா? கவலையை விடுங்கள். நீங்கள் மேலாளரோ தலைமையாசிரியரோ, நாலு பேரை வேலை வாங்கும் நாற்காலி எதுவானாலும், பாராட்டு என்று ஒன்று இருக்கவே இருக்கிறது. அதற்கு ஜிஎஸ்டி இல்லை, பி.எஃப். பிடித்தம் இல்லை, ஆடிட்டரிடம் பில் காட்ட வேண்டியதும் இல்லை.

பாராட்டப்போகும் வேலையை மட்டும் தயவுசெய்து பார்த்துவிடாதீர்கள். பார்த்தால் வம்பு. "பழைய பாக்கியைத் தனிப் பட்டியலாப் பிரிச்சீங்களே, அதனாலதான் கணக்கு அரை நாள்ல டேலி ஆச்சு" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டிவரும். அவரும் அடுத்த மாதம் அப்படியே பிரித்து வைப்பார். நம் வேலையை ஒருவர் கவனிக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்பு வந்தவர் சம்பளத்தைப் பற்றியும் பேச ஆரம்பிப்பார். எனவே "சூப்பர்", "கலக்கிட்டீங்க" போன்ற, யாருக்கும் எதற்கும் பொருந்தும் சொற்களே உத்தமம். வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் இமோஜி மூன்று போதும். நாலாவதைப் போட்டால் புரொமோஷன் என்று எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு.

கொஞ்சம் பெரிய அளவில் செய்ய ஆசையா? பொன்னாடை. பாலியஸ்டரே போதும், விலை ஸ்டிக்கரைக் கிழித்தாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். (கிழித்திருக்க மாட்டார்கள்.) போர்த்தும்போது பெறுபவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கேமராவைத்தான் பார்க்க வேண்டும். போட்டோக்காரர் "சார், இன்னொரு வாட்டி" என்பார். தோளில் பாதி ஏறிய சால்வையை உருவி மறுபடியும் போர்த்துங்கள். ஜரிகை கழுத்தில் குத்துவதால் பெறுபவர் நெளிவார், படத்தில் அது அடக்கம் போலத் தெரியும். அந்தச் சால்வை அவர் வீட்டு பீரோவில் சில மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேறொருவர் தோளுக்குப் போகும். என்றாவது உங்கள் தோளுக்கே வந்துவிட்டாலும் அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. "உனக்கு மூளை ஜாஸ்திடா" என்று சொல்லிப் பழகுங்கள். இது சோதித்துப் பார்த்த முறை. அமெரிக்காவில் உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதிர் போடவைத்து, சிலரிடம் "கெட்டிக்காரப் பிள்ளை நீ" என்றும், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றும் ஒரே ஒரு வரி சொன்னார்கள். அந்த ஆய்வு 1998-இல் வெளியானது. கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் அதற்கப்புறம் சுலபமான புதிராகத் தேடினார்கள். நடுவில் கடினமான தாள் ஒன்று காலை வாரிவிட, முதலில் போட்ட அளவுக்குக்கூடப் பிறகு போட முடியவில்லை. தங்கள் மார்க்கை முகம் தெரியாத வேறொரு பள்ளி மாணவருக்கு எழுதச் சொன்னபோது, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. தோற்க அஞ்சும் பிள்ளையைவிட ஒரு பள்ளிக்கு வேறென்ன வேண்டும்? வகுப்பில் எக்குத்தப்பாகக் கேள்வி கேட்காது, தெரிந்ததையே திரும்பத் திரும்ப எழுதி சென்டம் வாங்கும். தமிழக அரசு 2017-இல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டாலென்ன, பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்பவரா நீங்கள்? உங்கள் கட்சிக்கும் ஆள் பலம் உண்டு. 1960-களில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு, திட்டைவிடப் பாராட்டே பலன் தரும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் வகுப்பெடுத்தபோது, ஒரு மூத்த பயிற்சியாளர் மறுத்துப் பேசினார். நன்றாக ஓட்டியவனைப் புகழ்ந்தால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனிடம் கத்தினால் தேறுகிறான் என்பது அவர் அனுபவம். அபாரமாகவோ படுமோசமாகவோ ஓட்டிய ஒருவன் அடுத்த தடவை வழக்கமான நிலைக்குத் திரும்புவது இயல்பு, புகழ்ச்சிக்கும் திட்டுக்கும் அதில் பங்கில்லை என்று கானமன் கண்டுகொண்டார். பின்னாளில் நோபல் வாங்கியவர், அவர் அதோடு விட்டுவிடட்டும். நாம் விடக்கூடாது. ஊழியர் படுமோசமாகச் சொதப்பிய நாளாகப் பார்த்துத் திட்டுங்கள். மறுநாள் அவர் தானாகவே தேறுவார், பெயர் உங்களுக்கு.

மிச்சமிருப்பது வெள்ளிக்கிழமைப் பாராட்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரிடம், "உங்களை விட்டா இதுக்கு யாரு இருக்கா?" என்று கேளுங்கள். திங்கள் காலைக்குள் முடிக்க வேண்டிய ஃபைலை அவர் கையில் வைத்துக்கொண்டே கேட்பது நல்லது. வேலையைச் சரியாகச் செய்பவருக்கு இன்னும் கொஞ்சம் வேலைதான் பரிசு, செய்யாதவருக்கு வீட்டுக்குப் போக அனுமதி. இந்த ஏற்பாட்டை ஆபீஸில் எல்லோரும் சீக்கிரமே புரிந்துகொள்வார்கள். அதன் பிறகு நன்றாக வேலை செய்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்து, உங்கள் பாராட்டுச் சுமையும் இறங்கும்.

ஒரே ஓர் ஆபத்து உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது, "எது சார் நல்லா இருந்துச்சு?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டுவிடலாம். பதறாதீர்கள். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓவர்ஆலா சொன்னேன்மா" என்றபடி லிஃப்ட் பக்கம் நடந்துவிடுங்கள்.