தண்ணீர் தேடி வரும் வீடு

முதல் வீடு வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு சென்னையின் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் போகலாம். கடற்கரை வீட்டுக்காரர் தண்ணீரைத் தேடிப் போகவேண்டும். இங்கே 2015 டிசம்பரில் தண்ணீரே படியேறி வந்து நலம் விசாரித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வந்தது. இவ்வளவு பாசமான அக்கம்பக்கம் வேறெங்கே கிடைக்கும்? தரைத்தளம் மூழ்குமே என்பார்கள் சிலர். மூழ்கினால்தானே முதல் மாடிக்கு மவுசு! கார் மிதக்குமே என்றால் மேம்பாலத்தில் நிறுத்தலாம். வேளச்சேரிவாசிகள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் (கட்டணம் வசூலிக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை). பக்கத்திலுள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகளே விரும்பும் இடத்தில் நமக்கென்ன தயக்கம்? ஒன்று மட்டும்: படகு வாங்கும்போதே லாரித் தண்ணீருக்கும் பணம் எடுத்துவையுங்கள். 2019 ஜூலையில் இதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.