மழை பெய்யுதாம்

வாடா பேராண்டி, உக்காரு. ராத்திரி மொட்டை மாடியில கூட்டாளிககிட்ட போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினியே, காதுல விழுந்துச்சு. எவன் ஒரு மணிக்குப் பிரியாணி வாங்குறான், எவ என்ன மாத்திரை வாங்குறா, எல்லாம் உன் ஸ்கிரீன்ல வருதாமே! நம்ம வடக்குத் தெருத் திண்ணையிலயும் இதே வேலைதான் நடக்குது. என்ன, அங்க பி.எஃப். கிடையாது.

நானும் 32 வருசம் சைக்கிள்ல டேட்டா சுமந்தவன்தான்டா. கவரைப் பிரிச்சா அப்ப இருந்த 1898-ம் வருசச் சட்டப்படி ரெண்டு வருசம் வரை கம்பி எண்ணணும். தபால் கார்டு அப்படியா? தொறந்த கடுதாசி, கைக்கு வந்தா கண்ணுக்கும் வந்துரும். மருமக பொறந்த வீட்டுக்கு அழுது எழுதினது எனக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. அந்தம்மா மோர் குடுத்து, முறுக்கு குடுத்து, "என்னப்பா எழுதியிருக்கா?"ன்னு நைசாக் கேக்கும். முறுக்கைத் தின்னுட்டு, "மழை பெய்யுதான்னு விசாரிச்சிருக்கா"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிருவேன். முறுக்கு நல்ல முறுக்கு, அதைக் குறை சொல்லப்படாது.

"பேரை எடுத்துட்டுத்தான் தாத்தா வச்சிருக்கோம்"ங்கிற. பலே! 2006-ல அமெரிக்காவுல ஏஓஎல்ங்கிற இன்டர்நெட் கம்பெனியும் அதையேதான் பண்ணுச்சு. ஆறரை லட்சம் பேர் மூணு மாசம் என்னென்ன தேடினாங்கன்னு ஆராய்ச்சிக்குன்னு வெளிய விட்டாங்க, பேருக்குப் பதிலா நம்பர் போட்டு. விரல் மரத்துப் போகுது, நாய் கண்ட இடத்துல ஒண்ணுக்குப் போகுது, எங்க ஊர்ல தோட்ட வேலைக்கு ஆள் வேணும், இப்படி ஒரே நம்பர்ல வரிசையா இருந்துச்சு. கூடவே சொந்தக்காரங்க பேரும். நியூயார்க் டைம்ஸ் நிருபருங்க அதைப் புடிச்சே போய் ஜார்ஜியாவுல இருந்த 62 வயசு அம்மாவைக் கண்டுபிடிச்சுட்டாங்க. தடத்தைப் பாத்தே யார் வீட்டு ஆடுன்னு சொல்ற ஊர்ல பொறந்துட்டு, பேரை எடுத்தேன்னு எங்கிட்டயே சொல்றியே!

2023-ல நம்ம சர்க்காரும் சட்டம் போட்டாச்சு. விவரத்தைக் காபந்து பண்ணாமக் கோட்டை விட்டா 250 கோடி ரூபா வரை அபராதம். கவலைப்படாத, முதலாளி கட்டுவாரு. கட்டின கையோட எவன்டா பண்ணதுன்னு கேப்பாரு. அப்ப உன் பேரை எடுத்துட்டு நம்பர் குடுக்க மாட்டாங்க.

சரி விடு, இந்தா முறுக்கு. ஆமா, அந்த ஒரு மணிப் பிரியாணி நம்ம மேலத் தெருப் பயதானே?

அடேய்! ஒரு முறுக்குக்கே வாயைத் தொறக்குறியேடா!