பீர் தோட்டமும் கள்ளுக்கடையும்

கேள்வி: ஜெர்மன் பாணி பீர் தோட்டம் எப்படித் தோன்றியது? கிள்ளானில் அதற்கு ஈடாக எது இருந்தது?
– வாசகர், பண்டமாரான்

பதில்: பீர் தோட்டத்தின் தாயகம் பவேரியா. கோடையில் பீர் காய்ச்ச அங்கே 16ஆம் நூற்றாண்டில் தடை வந்தது. குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் சேமித்து, மேலே நிழலுக்குச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மரத்தடியில் மேசைகள் வந்தன; கூட்டமும் வந்தது. உணவு விடுதிக்காரர்கள் முறையிட்டதால், 1812இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசப் தீர்ப்புச் சொன்னார்: பீர் காய்ச்சுவோர் பீரை விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது. வீட்டுச் சாப்பாட்டோடு பீர் தோட்டத்துக்குப் போகும் வழக்கம் அப்படி வேரூன்றியது.

கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர் கூடிக் குடித்த இடம் கள்ளுக்கடை. காலையில் பால் வெட்டிச் சம்பாதித்த கூலி, மாலையில் தென்னங்கள்ளாகக் கரைந்தது. மரத்தடி மேசை பவேரியாவில் குடும்பங்களைக் கூட்டியது. கள்ளுக்கடை இங்கே குடும்பங்களைக் குலைத்தது. அதனால்தான் 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த கிள்ளான் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கையும் எழுந்தது. கடையை மூடச் சொன்னவர்கள் அதன் வாடிக்கையாளர்களே. தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் பெருமையோடு நினைக்கவேண்டிய கோரிக்கை அது.